கோபத்தில் எழுதியதும் குறிப்பெடுத்து எழுதியதும்

விளையாட்டுப் பயிற்சிகளில் காணும் குறைகளைப் பலன் தரும் வகையில் எழுதுவது எப்படி?

சித்திரை வெயில் சற்றே தணிந்திருந்த ஒரு மாலைப் பொழுதில், சென்னையின் தென்பகுதியிலுள்ள ஒரு நீச்சல் குளத்தின் கரையில், எட்டு வயதுப் பேத்தியின் துவாலையைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த நான், ஒரு மணி நேரப் பயிற்சியில் அந்தக் குழந்தை தண்ணீருக்குள் இருந்த நேரம் மொத்தம் 12 நிமிஷந்தான் என்பதைக் கைக்கடிகாரத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். மிச்ச நேரமெல்லாம் அவள் ஈர உடுப்போடு வரிசையில் நின்று, தன் முறை எப்போது வரும் என்று முன்னால் நின்ற தலைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். பயிற்சியாளர் ஒருவர், குழந்தைகளோ முப்பதுக்கு அருகில்.

அன்றிரவே கடிதம் எழுத உட்கார்ந்தேன். நான்கு பக்கம் எழுதினேன். கட்டணக் கொள்ளை என்றும், பொறுப்பற்ற பயிற்சியாளர் என்றும், குழந்தைகளின் உயிரோடு விளையாடுகிறார்கள் என்றும், இந்தத் தேசத்தில் விளையாட்டு எப்படி உருப்படும் என்றும் அதில் எழுதியிருந்தேன். எழுதி முடித்தபோது மனம் லேசானது உண்மை. ஆனால் அந்த லேசான மனத்தைத் தவிர அந்தக் கடிதத்தால் வேறொரு பிரயோஜனமும் விளையவில்லை. பத்து நாள் வரையில் பதில் வராததைக் கண்டு நேரில் போய்க் கேட்டபோது, நிர்வாகி மேஜை இழுப்பறையிலிருந்து அதை எடுத்து வைத்துக்கொண்டு, "ஐயா, இரண்டு தடவை படித்துவிட்டேன், நாங்கள் என்ன செய்யவேண்டும் என்று இதில் எங்குமே காணோமே" என்றார். அவர் சொன்னது நியாயம் என்பதை வீடு திரும்பும் வழியெல்லாம் யோசித்துத்தான் ஒப்புக்கொண்டேன்.

கோடை விடுமுறை வந்துவிட்டால் நம் நகரங்களில் நீச்சல், இறகுப்பந்து, கால்பந்து, ஸ்கேட்டிங், கராத்தே என்று பயிற்சி முகாம்களுக்குக் குறைவில்லை. 1992-ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாவட்டந்தோறும் கோடைகாலப் பயிற்சி முகாம்கள் நடத்துகிறது. மாநகராட்சி மைதானங்கள் இருக்கின்றன. தனியார் பயிற்சி நிலையங்களோ தெருவுக்குத் தெரு முளைத்திருக்கின்றன. இவற்றில் நல்லவை பல உண்டு. குறை காணும் இடங்களிலும் பெற்றோர் செய்வது பெரும்பாலும் இரண்டே காரியங்கள்: ஒன்று, நான் செய்தது போலக் கோபத்தைக் கொட்டிவிடுவது, மற்றொன்று, வாய் திறவாமல் குழந்தையை அங்கிருந்து நிறுத்திவிடுவது. இரண்டாலும் அந்த வரிசை ஓர் அங்குலமும் நகர்வதில்லை. நகரச் செய்யும் மூன்றாவது வழி ஒன்று உண்டு. அதைப் பற்றியதே இக்கட்டுரை.

ஒற்றைச் சிலம்பின் பாடம்

'புகார்' என்று இன்று நாம் வழங்கும் சொல் வடக்கேயிருந்து உருது வழியாக நம்மிடம் வந்தது. கூவியழைத்தல் என்பதே அதன் மூலப் பொருள். தமிழில் அதற்கு ஈடாக நெடுங்காலமாக வழங்கிவரும் சொல் 'முறையீடு'. முறை என்றால் ஒழுங்கு. முறை என்றால் நியாயம். வரிசையில் நிற்கும் ஒரு குழந்தைக்கு எட்டவேண்டிய சந்தர்ப்பமும் முறைதான். கூவுவதற்கும் முறையிடுவதற்கும் உள்ள தூரமே என் முதல் கடிதத்துக்கும் பின்னர் நான் எழுதிய இரண்டாம் கடிதத்துக்கும் இருந்த தூரம்.

நம் இலக்கியத்தில் மிகப் பெரிய முறையீட்டைச் செய்தவளும் புகார் என்ற பெயருடைய ஊரிலிருந்து வந்தவளே. பாண்டியன் சபையில் கண்ணகி நின்ற காட்சியைக் கோபத்தின் காட்சியாகவே நாம் நினைவில் வைத்திருக்கிறோம். ஆனால் சிலப்பதிகாரத்தை நிதானமாகத் திரும்பவும் வாசிப்பவருக்கு, அவள் பேச்சிலிருந்த ஒழுங்கு புலப்படாமற் போகாது. தான் எந்த ஊரினள் என்பதைச் சொல்கிறாள். யாருடைய மனைவி என்பதைச் சொல்கிறாள். நடந்தது இன்னதென்று சொல்கிறாள். கள்வனைக் கொல்வது கொடுங்கோல் அன்று என்று அரசன் விடை கூறியதும், பழிச்சொல்லை அடுக்கிக்கொண்டு நிற்காமல், தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்ற ஒரே ஓர் உண்மையை முன்வைக்கிறாள். அரசியின் சிலம்பிலுள்ள பரலோ முத்து. சிலம்பு உடைந்தது, மாணிக்கம் தெறித்தது, வழக்கும் அத்துடன் முடிந்தது. மன்னனின் மனத்தை மாற்றியது அவள் கண்ணீரன்று, கையிலிருந்த அத்தாட்சியே. நெஞ்சில் அக்கினி எரிந்துகொண்டிருந்த வேளையிலும் அவள் வார்த்தையைச் சிதறவிடவில்லை என்பதுதான், முறையிடப் போகிற எவரும் அவளிடம் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம்.

கண்டதும் கணித்ததும்

இரண்டாம் முறை எழுதுவதற்கு முன் ஆறு மாலைகள் ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தோடு கரையில் உட்கார்ந்தேன். தேதி, பயிற்சி தொடங்கிய நேரம், முடிந்த நேரம், குழந்தைகளின் எண்ணிக்கை, பயிற்சியாளர்களின் எண்ணிக்கை, கரையில் உயிர்காப்பாளர் இருந்தாரா இல்லையா, என் பேத்தி தண்ணீரில் இருந்த நிமிஷங்கள் என்று ஏழு கட்டங்கள் போட்டுக்கொண்டேன். அபிப்பிராயத்துக்கு அந்த நோட்டில் இடம் வைக்கவில்லை.

இப்படிக் குறித்துவைப்பதில் இரண்டு நன்மைகள் உண்டு. நம் கோபம் நியாயமானதா என்பதை முதலில் நமக்கே அது காட்டிவிடும். 'தினமும் தாமதம்' என்று நினைத்திருந்த எனக்கு, ஆறில் இரண்டு நாட்கள்தாம் தாமதம் என்பது அப்போதுதான் தெரிந்தது. 'தினமும்' என்று எழுதியிருந்தால், அந்த ஒரு சொல்லைப் பொய்யாக்கி முழுக் கடிதத்தையும் அவர்கள் தள்ளிவிட்டிருக்கக்கூடும். மற்றொரு நன்மை, கண்டது எது, நாமாகக் கணித்துக்கொண்டது எது என்பதை அது பிரித்துக் காட்டும்.

இதற்கு நீச்சல் குளத்திலிருந்தே ஓர் உதாரணம் சொல்கிறேன். குளத்தருகே மூக்கைத் துளைக்கும் நெடி அடித்தாலும், குழந்தைகளின் கண்கள் சிவந்தாலும், குளோரினை அதிகமாகக் கொட்டிவிட்டார்கள் என்றே அநேகமாக எல்லோரும் சொல்கிறோம். உண்மை பல சமயங்களில் இதற்கு நேர்மாறானது. வியர்வையோடும் சிறுநீரோடும் குளோரின் கலந்து உண்டாகும் குளோரமைன் என்னும் பொருளே பெரும்பாலும் அந்த நெடிக்கும் எரிச்சலுக்கும் காரணம். கிருமியைக் கொல்லும் குளோரின் அங்கே போதாமல் இருக்கிறது என்பதற்கே அது அடையாளமாக இருக்கலாம். 'குளோரினைக் குறையுங்கள்' என்று எழுதுகிறவர், தம்மை அறியாமலே குளத்தை இன்னும் கெடுக்கும் யோசனையைச் சொல்லிவிடுகிறார். 'இன்ன மூன்று நாட்களில் கண் எரிச்சலும் கடும் நெடியும் இருந்தன. நீரின் குளோரின் அளவையும் அமில கார அளவையும் தினமும் சோதித்துப் பலகையில் எழுதிவைக்க வேண்டுகிறேன்' என்று எழுதுகிறவரோ, கண்டதைச் சொல்லி, காரணத்தைக் கண்டறியும் பொறுப்பை அதற்கு உரியவரிடம் விட்டுவிடுகிறார்.

குறிப்போடு கூட ஆவணங்களும் வேண்டும். கட்டண ரசீது, சேர்க்கைப் படிவம், என்னென்ன தருவோம் என்று அவர்கள் அச்சிட்ட துண்டறிக்கை, வாட்ஸ்அப்பில் அனுப்பிய அறிவிப்புகள் ஆகியவற்றைப் பத்திரப்படுத்திக்கொள்ள வேண்டும். செய்தியைப் படம் பிடித்து வைத்துக்கொண்டால் மட்டும் போதாது. கைபேசியில் வந்த மூலச் செய்தியையும் அழிக்காமல் வைத்திருப்பது உத்தமம். புகைப்படம் எடுக்கும்போது பிறர் குழந்தைகளின் முகம் அதில் விழாதபடி பார்த்துக்கொள்வது, சட்டத்துக்கு முன்பாக மரியாதை விதிக்கும் கடமை. என் கையிலிருந்த சிலம்பு, அவர்களே அச்சிட்ட துண்டறிக்கைதான். 10 குழந்தைகளுக்கு ஒரு பயிற்சியாளர் என்ற வாக்குறுதி அதில் கொட்டை எழுத்தில் இருந்தது.

ஒரே பக்கத்தில் ஒரு கடிதம்

இரண்டாம் கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டவில்லை. அதன் வாசகம் ஏறக்குறைய இதுதான்:

"ஐயா,

பொருள்: மாலை 5 மணி நீச்சல் பயிற்சியில் பயிற்சியாளர், உயிர்காப்பாளர் பற்றாக்குறை.

என் பேத்தி தங்கள் கோடைகாலப் பயிற்சியில் மேற்கண்ட பிரிவில் சேர்ந்து கற்றுவருகிறாள். கட்டணம் 4,000 ரூபாய். ரசீதின் நகலை இணைத்திருக்கிறேன். 10 குழந்தைகளுக்கு ஒரு பயிற்சியாளர் என்று தங்கள் துண்டறிக்கையில் கண்டிருக்கிறது. நான் குறித்துவைத்த 6 நாட்களிலும் குழந்தைகள் 26 முதல் 31 பேர் வரை இருந்தார்கள். பயிற்சியாளர் ஒருவரே இருந்தார். 4 நாட்கள் கரையில் உயிர்காப்பாளர் இல்லை. தேதிவாரியான குறிப்பு இத்துடன் உள்ளது. பயிற்சியாளர் பொறுமையோடும் அக்கறையோடும் கற்பிக்கிறார் என்பதையும் நான் சொல்லவேண்டும்.

நான் கோருவன மூன்று: முதலாவது, நாளை முதல் குழந்தைகள் நீரில் இருக்கும் நேரம் முழுவதும் கரையில் ஓர் உயிர்காப்பாளர் இருக்கவேண்டும். இரண்டாவது, ஒரு வாரத்துக்குள் கூடுதல் பயிற்சியாளர்களை அமர்த்தவேண்டும். இயலாவிடில் குழந்தைகளைப் பிரித்து வேறு நேரம் ஒதுக்கவேண்டும். மூன்றாவது, இதுவரை குறைந்துபோன பயிற்சிக்கு ஈடாகக் கூடுதல் நாட்களோ கட்டணத்தில் ஒரு பகுதியோ தரவேண்டும். 7 நாட்களுக்குள் எழுத்து மூலம் பதில் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்."

பயிற்சியாளரைப் பற்றிய நல்வார்த்தை தந்திரமாகச் சேர்த்ததன்று. ஆறு நாள் உட்கார்ந்து பார்த்தபோது கண்ட உண்மை. முதல் கடிதத்தில் நான் 'பொறுப்பற்றவர்' என்று தாக்கிய அதே மனிதர், முப்பது குழந்தைகளிடையே ஓடி ஓடித் தொண்டை வறளக் கத்திக்கொண்டிருந்ததை அந்த நோட்டுப் புத்தகந்தான் எனக்குக் காட்டியது. விளையாட்டுப் பயிற்சிகளில் நாம் காணும் குறைகளில் பெரும்பகுதி ஆளின் குறை அல்ல, ஏற்பாட்டின் குறை. ஆளைக் குற்றம் சாட்டினால் அவர் தம்மைக் காத்துக்கொள்ள முற்படுவார்; ஏற்பாட்டைச் சுட்டிக்காட்டினால் அவரே நம் பக்கம் வந்து நிற்கக்கூடும்.

எந்த வாசலில் மணி அடிப்பது?

மனுநீதிச் சோழனின் அரண்மனை வாசலில் ஆராய்ச்சி மணி ஒன்றே ஒன்று. பசுவுக்கும் வழி தெரிந்தது. நமக்கோ வாசல்கள் பல இருப்பதனால், எந்த வாசலுக்குப் போவது என்பதை அறிந்துகொள்வது அவசியமாகிறது. முதலில் பயிற்சியாளரிடம் நேரில் ஒரு வார்த்தை; பிறகு நிர்வாகிக்கு எழுத்து மூலம்; அதற்கும் மசியாவிட்டால் மேல் அதிகாரிக்கு, முன்பு எழுதிய கடிதத்தின் நகலோடு. பொதுவாக இந்த வரிசையைத் தாண்டிக் குதிக்காமல் இருப்பதே நல்லது. 'எங்களிடம் முதலில் சொல்லியிருக்கலாமே' என்ற சாக்குக்கு இடமில்லாமற் போகும். நேரில் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ள வேண்டும். தபாலில் அனுப்பினால் சேர்ப்பித்ததற்கான அத்தாட்சியை வைத்துக்கொள்ள வேண்டும்.

அரசாங்க முகாமானால் மாவட்ட விளையாட்டு மற்றும் இளைஞர் நலன் அலுவலருக்கு எழுதலாம். திங்கட்கிழமைகளில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனுக் கொடுக்கலாம். முதலமைச்சரின் உதவி மையத்துக்கு 1100 என்ற எண்ணிலும் சொல்லலாம். சென்னை மாநகராட்சி மைதானத்தைப் பற்றிய விஷயமானால் எண் 1913. எங்கே சொன்னாலும் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி எழுதிவைத்துக்கொள்ளாமல் தொலைபேசியை வைத்துவிடக் கூடாது.

2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இவ்விஷயத்தில் ஒரு நல்ல துணை. பொது அமைப்புகளுக்கே அது பொருந்தும். தனியார் பயிற்சி நிலையத்தை அதன்படி நேராகக் கேட்க முடியாது. ஆனால் மாநகராட்சி மைதானத்திலோ குளத்திலோ தனியார் ஒருவர் ஒப்பந்தத்தின் பேரில் பயிற்சி நடத்துகிறார் என்றால், அந்த ஒப்பந்தத்தின் நகலை மாநகராட்சியிடம் கேட்கலாம். தமிழ்நாட்டில் 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி விண்ணப்பித்தால், 30 நாட்களுக்குள் பதில் வந்தாகவேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு உண்டு. எத்தனை பயிற்சியாளர்கள், என்ன கட்டணம், ஏழைக் குழந்தைகளுக்கு ஏதேனும் இடம் உண்டா என்பவை ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருந்தால், அதைவிட உறுதியான சிலம்பு நமக்கு வேறு வேண்டியதில்லை.

கட்டணம் கொடுத்துச் சேர்ந்த பயிற்சியில் சேவைக் குறைபாடு இருந்தால், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை இரண்டு வருஷ காலத்துக்குள் அணுகலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாதவரை மனுவுக்குக் கட்டணம் இல்லை; நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுச் செய்யலாம்; வக்கீல் இல்லாமல் நாமே பேசலாம். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லிச் சமாதானத்துக்கு முயலலாம். இலவசமாக அளிக்கப்படும் சேவை இந்தச் சட்டத்துக்குள் வராது. ஆகையால்தான் ரசீது என்னும் அந்தச் சிறு தாளுக்கு இத்தனை மதிப்பு.

வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் பெயரைச் சொல்லித் திட்டித் தீர்ப்பது இவற்றுள் எந்த வாசலும் அன்று. அவதூறு பற்றிய சட்டம், அதிகாரமுள்ளவரிடம் நல்லெண்ணத்தோடு செய்யும் முறையீட்டுக்கு விலக்குத் தருகிறது. தெருவில் நின்று தூற்றுவதற்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

வரிசை பார்க்கக் கூடாத சந்தர்ப்பம்

மேலே சொன்ன படிவரிசைக்கு விலக்கு ஒன்று உண்டு. அதை அழுத்திச் சொல்வது என் கடமை. குழந்தையிடம் எவரேனும் தகாத முறையில் நடந்துகொண்டதாகச் சிறிது தெரியவந்தாலும், பயிற்சி நிலையத்தின் 'உள் விசாரணை'க்குக் காத்திருக்கலாகாது. குழந்தை சொல்வதைக் குறுக்கிடாமல் கேட்டு, அது சொன்ன வார்த்தைகளிலேயே குறித்துக்கொண்டு, 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கோ காவல் நிலையத்துக்கோ உடனே தெரிவிக்க வேண்டும். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், அறிந்த எவருக்கும் இதைக் கட்டாயக் கடமையாக விதிக்கிறது. தெரிந்தும் மறைப்பது தண்டனைக்குரிய குற்றம். அதுபோலவே உயிருக்கு ஆபத்தான நிலை கண்ணில் பட்டால், அந்த நிமிஷமே பயிற்சியை நிறுத்தச் சொல்லவேண்டும்; கடிதம் பிறகு எழுதிக்கொள்ளலாம்.

ஒரு கை ஓசை

முறையிடத் தயங்கும் பெற்றோரின் மனத்தில் உள்ள பயத்தை நான் அறிவேன். 'நாம் எழுதினால் குழந்தையை ஓரங்கட்டிவிடுவார்களோ, அணியில் சேர்க்காமல் விட்டுவிடுவார்களோ' என்பதே அது. அந்தப் பயம் காரணமற்றதன்று. அதற்கு மருந்து, பலர் சேர்ந்து ஒரே கடிதத்தில் கையெழுத்திடுவது. என் கடிதத்தை எடுத்துக்கொண்டு கரையில் காத்திருந்த தாய்மார்களிடம் போனபோது, முதல் கையெழுத்துக்கு ஒரு மாலை ஆயிற்று. அடுத்த பதினொன்றுக்கு அரைமணி நேரங்கூட ஆகவில்லை.

பலர் குரல் சேர்ந்தால் மாநகராட்சியும் செவிசாய்க்கும் என்பதற்குச் சென்னையிலேயே சமீபத்திய உதாரணம் உண்டு. 2024 அக்டோபரில், செயற்கைப் புல் விரித்த ஒன்பது கால்பந்து மைதானங்களைத் தனியார் பராமரிப்புக்கு விட்டு, ஆள் ஒன்றுக்கு மணிக்கு 120 ரூபாய் வசூலிப்பது என்று மாநகராட்சி மன்றத்தில் தீர்மானம் நிறைவேறியது. எதிர்ப்பு எழுந்தது, சில தினங்களுக்குள் அந்த முடிவு கைவிடப்பட்டு, பழையபடி இலவசமாகவே விளையாடலாம் என்று அறிவிக்கப்பட்டது. 120 ரூபாய் என்ற எண் தெளிவாக இருந்தது. கட்டணம் வேண்டாம் என்ற கோரிக்கையும் தெளிவாக இருந்தது. குறை இன்னது, வேண்டுவது இன்னது என்று ஒரே வாக்கியத்தில் சொல்லக்கூடிய முறையீட்டைச் செவிமடுக்காதிருப்பது அதிகாரத்தில் உள்ளவர்களுக்கு எளிதன்று.

முறை வந்தது

பன்னிரண்டு கையெழுத்தோடு போன கடிதத்துக்கு மூன்றாம் நாளே பதில் வந்தது. மறுநாள் முதல் நீல நிறச் சட்டை அணிந்த உயிர்காப்பாளர் ஒருவர் கரையில் நின்றார். வாரம் முடிவதற்குள் இரண்டு உதவிப் பயிற்சியாளர்கள் வந்து சேர்ந்தார்கள். மூன்றாவது கோரிக்கைக்கு மட்டும் பதிலில்லை. அதை நினைவூட்டி இன்னொரு சிறு கடிதம் எழுதிய பிறகு, கூடுதலாக மூன்று நாட்கள் பயிற்சி கொடுத்தார்கள். கட்டணம் திரும்பவில்லை. கேட்டதெல்லாம் கிடைத்துவிடும் என்று நான் எவருக்கும் வாக்குக் கொடுக்கமாட்டேன். ஆனால் கேட்டது இன்னதென்று எழுதியிருந்தபடியால், கிடைத்தது எவ்வளவு, கிடைக்காதது எவ்வளவு என்று அளந்து பார்க்க முடிந்தது.

அந்த வாரத்தில் ஒரு நாள் பயிற்சியாளர் தாமாகவே என்னருகில் வந்து உட்கார்ந்தார். "பெரியவரே, உதவிக்கு ஆள் வேண்டுமென்று மூணு வருஷமா நானே கேட்டுக்கிட்டிருக்கேன். உங்க கடுதாசியில இருந்த கணக்கைக் காட்டித்தான் இந்தத் தடவை சம்மதிக்க வெச்சேன்" என்றார். நான் முதலில் எழுதிய நான்கு பக்கத்தை அவர் படித்திருந்தாரோ என்று கேட்க எனக்கு நா எழவில்லை. அன்றிரவு மீண்டும் ஒரு கடிதம் எழுதினேன். நிர்வாகிக்கும் பயிற்சியாளருக்கும் நன்றி தெரிவித்து, முதல் கடிதத்தில் எழுதிய கடுஞ்சொல்லுக்கு வருத்தமும் தெரிவித்து. குறை நீங்கியபின் நன்றி எழுதாதவருடைய முறையீடு பாதியிலேயே நின்றுவிடுகிறது என்பது இப்போது என் தீர்மானமான அபிப்பிராயம்.

பயிற்சியின் கடைசி நாளன்று மீண்டும் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். 41 நிமிஷம். பேத்தி குளத்தின் அகலத்தை ஒரே மூச்சில் கடந்து, அக்கரைச் சுவரைத் தொட்டுத் திரும்பி, என்னைத் தேடிக் கையசைத்தாள். அவளுக்குப் பின்னால் வரிசையில் இரண்டே குழந்தைகள் நின்றிருந்தார்கள். அவர்களுடைய முறையும் உடனே வந்தது.